மார்வெல் ஜாம்பீஸ், டிசீஸ்ட்: எதை வாங்கலாம், எந்த வரிசையில் படிக்கலாம்

சூப்பர்ஹீரோக்கள் ஜாம்பியாகும் காமிக்ஸ்களைத் தரம் பிரிக்க ஒரு கேள்வி போதும். கடிபட்ட பிறகு அந்த ஹீரோவுக்குள் என்ன மிச்சம் இருக்கிறது? இந்த விதியைத் தெளிவாக வகுத்துக்கொண்டு, கடைசிப் பக்கம் வரை அதை மீறாத கதைகள் திரும்பத் திரும்பப் படிக்கத் தாங்குகின்றன. அழுகிய முகத்தில் தெரிந்த முகமூடியை மாட்டிவிட்டால் போதும் என்று நினைத்தவை முதல் இதழின் அட்டையோடு தீர்ந்துபோகின்றன. மார்வெலின் 'மார்வெல் ஜாம்பீஸ்', டிசியின் 'டிசீஸ்ட்' இரண்டுமே ஒரு விதியோடு தொடங்கியவை. ஆனால் இரண்டின் விதியும் நேரெதிர். எது உங்களுக்கு ஒத்துவரும் என்பதும் அதில்தான் இருக்கிறது. முக்கிய முடிவுகளைச் சொல்லாமலே எழுதியிருக்கிறேன். ஆனால் தொடக்கச் சூழல்களைச் சொல்லாமல் இந்தப் புத்தகங்களைப் பற்றிப் பேச முடியாது.

முதலில் மார்வெல். இதன் விதை 'அல்டிமேட் ஃபென்டாஸ்டிக் ஃபோர்' தொடரின் 21 முதல் 23 வரையிலான இதழ்களில், 2005ல் விழுந்தது. எழுதியவர் மார்க் மில்லர், வரைந்தவர் கிரெக் லேண்ட். ஃபென்டாஸ்டிக் ஃபோர் அணியின் தலைவனும் இளைஞனுமான ரீட் ரிச்சர்ட்ஸுக்கு வேறொரு உலகத்திலிருந்து, தன்னைவிட மூத்த, அனுபவசாலியான இன்னொரு ரீட் பேசுகிறார். வாசகர்களும் இரண்டு மார்வெல் உலகங்கள் சந்திக்கப்போகின்றன என்று காத்திருந்தார்கள். கதவு திறந்தபோது அந்தப் பக்கம் நின்றது பசித்த பிணங்கள். அந்தத் திருப்பத்துக்குக் கிடைத்த வரவேற்பில் பிறந்ததுதான் ஐந்து இதழ் கொண்ட 'மார்வெல் ஜாம்பீஸ்'. 2005 இறுதியில் தொடங்கி 2006ல் முடிந்தது. 2003லிருந்து 'தி வாக்கிங் டெட்' எழுதிக்கொண்டிருந்த ராபர்ட் கிர்க்மனிடமே இதையும் கொடுத்தார்கள். படம் ஷான் ஃபிலிப்ஸ்.

கிர்க்மன் இங்கே செய்த முக்கியமான காரியம், தன் இன்னொரு தொடரின் விதியைத் தூக்கி எறிந்தது. இந்த ஜாம்பிகளுக்கு நினைவு போவதில்லை. பேசுகிறார்கள், திட்டம் போடுகிறார்கள், சக்திகளைப் பயன்படுத்துகிறார்கள். போனது ஒன்றுதான்: பசி வரும்போது தன்னைத் தடுத்துக்கொள்ளும் திறன். வயிறு நிறைந்ததும் கொஞ்ச நேரம் தலை தெளிகிறது. அந்தத் தெளிவில்தான் யாரைத் தின்றோம் என்பது உறைக்கிறது. அத்தை மேயையும் மேரி ஜேனையும் தின்றுவிட்ட ஸ்பைடர்மேன், பசி அடங்கும் ஒவ்வொரு முறையும் அதற்காக அழுகிறான். அடுத்த பசி வந்ததும் அழுகையை நிறுத்திவிட்டு மற்றவர்களோடு ஓடுகிறான். குற்ற உணர்வையே தன் குணமாகக் கொண்ட ஒரு பாத்திரத்தை இதைவிடக் கொடுமையாக யாரும் பயன்படுத்தியதில்லை என்பது என் கருத்து.

துணை விதிகளும் கச்சிதமாகவே இருக்கின்றன. உடம்பு ஆறாது. கிழிந்தது கிழிந்தபடி, ஒடிந்தது ஒடிந்தபடி. தொற்றுள்ள சதை ஜாம்பிக்கு ருசிக்காது, அதனால் ஒருவரையொருவர் தின்று பசியாற முடியாது. உயிருள்ள இரை தீர்ந்த உலகத்தில், அழிக்க முடியாத உடல்களோடு இவர்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். வழக்கமான ஜாம்பிக் கதையில் மனிதர்கள் எப்படித் தப்பிப்பார்கள் என்பதுதான் கேள்வி. இங்கே மனிதர்கள் முதல் பக்கத்துக்கு முன்பே தீர்ந்துவிட்டார்கள். அடுத்த வேளைக்கு ஜாம்பிகள் என்ன செய்வார்கள் என்பதுதான் கதை. சில்வர் சர்ஃபர் வானத்தில் தோன்றுவதும், அவருக்குப் பின்னால் கோள்களையே தின்னும் கேலக்டஸ் வருவதும் அந்தக் கேள்வியை எவ்வளவு பெரிதாக்குகின்றன என்பதைப் புத்தகத்திலேயே பாருங்கள்.

இந்த ஐந்து இதழ்களின் உச்சம் என்று நான் சொல்வது பெரிய சண்டைகளை அல்ல. விஞ்ஞானி ஹீரோவான ஹேங்க் பிம்மின் ஆய்வகத்தில் நடக்கும் பகுதியைத்தான். பிம், பிளாக் பாந்தரை (இயற்பெயர் டி'சாலா) உயிரோடு கட்டிவைத்திருக்கிறார். ஆராய்ச்சி செய்யத் தெளிவான மூளை வேண்டும், தெளிவுக்குச் சதை வேண்டும், அதனால் டி'சாலாவை மயக்கத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, உறுப்பு உறுப்பாகத் தின்கிறார். நண்பர்களிடமிருந்து அவரை ஒளித்தும் வைக்கிறார். இது பதுக்கலா, அக்கறையா, விஞ்ஞானமா என்று பிம்முக்கே தெரியவில்லை. ஒரு நல்ல மனிதன் தனக்குத்தானே எவ்வளவு நேர்த்தியாக நியாயம் சொல்லிக்கொள்ள முடியும் என்பதைக் காட்டும் இந்த இழை மட்டுமே புத்தகத்தின் விலைக்கு ஈடு. ஜாம்பி விதி சரியாக அமைந்தால் பாத்திரத்தின் இயல்பே திகிலாக மாறும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு இந்த வகைமையில் எனக்குத் தெரியாது.

ஷான் ஃபிலிப்ஸ் குற்றக் கதைகளுக்குப் பேர்போன ஓவியர். அவருடைய கனமான கருமை இங்கே இரண்டு வேலை செய்கிறது. கோரத்தின் பாதியை நிழல் விழுங்கிக்கொள்வதால் மீதிப் பாதி கண்ணைப் பறிக்கிறது. பளபளப்பான சூப்பர்ஹீரோ உடைகளின் கவர்ச்சியும் சுத்தமாக வடிந்துவிடுகிறது. வெட்டப்பட்ட மண்டையோடு நிற்கும் 'கர்னல் அமெரிக்கா' (அந்த உலகத்தில் கேப்டனுக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது) கொடி நிறத்தில் இருந்தாலும் அழுக்கு மூட்டையாகத்தான் தெரிகிறார். திரையில் படிப்பவர்கள் ஒளியளவைக் கொஞ்சம் கூட்டிவைப்பது நல்லது. மங்கலான திரையில் இரவுக் காட்சிகளின் கறுப்பும் அடர்பழுப்பும் கலந்து, யார் யாரைக் கடிக்கிறார்கள் என்பதே தெரியாமல் போகும். ஆர்தர் சைடம் வரைந்த அட்டைகள் தனி ரகம். பழைய புகழ்பெற்ற அட்டைகளை எடுத்து, அதே நிற்கும் நிலையில் பிணங்களாகத் திருப்பி வரைந்திருப்பார். முதல் இதழின் அட்டை, ஸ்பைடர்மேன் அறிமுகமான 1962ஆம் ஆண்டின் 'அமேசிங் ஃபேன்டசி' 15ஆம் இதழைத் திருப்பிப் போட்டது. மறுபதிப்புகளுக்கு வேறு வேறு அட்டைகள் வந்தன. பழைய தனி இதழ்களைச் சேகரிப்பவர்கள் எந்தப் பதிப்பு என்று கேட்டுவிட்டே வாங்க வேண்டும். மறுபதிப்பைக் காட்டி முதல் பதிப்பின் விலை கேட்பது எளிது.

குறைகளும் சொல்ல வேண்டும். கிர்க்மனின் வசனம் பல இடங்களில் ஒரே கம்பியைத் தட்டுகிறது. பசிக்கிறது, பசிக்கிறது என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசுகிறார்கள். மூன்றாம் இதழுக்குப் பிறகு லூக் கேஜின் வசனத்தை வுல்வரினின் வாயில் மாற்றி வைத்தால் வித்தியாசம் தெரியாது. தொற்று எப்படிப் பரவியது என்பதையும் இந்த ஐந்து இதழ்கள் சொல்வதில்லை. முதல்முறை படிப்பவர்கள் நடுவில் வந்து உட்கார்ந்தது போல விழிப்பது இதனால்தான்.

அதற்கு மருந்து வாசிப்பு வரிசையில் இருக்கிறது. 'அல்டிமேட் ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 21–23ஐ முதலில் படியுங்கள். பிறகு ஐந்து இதழ்த் தொடர். அதன்பின் 2007ல் வந்த 'டெட் டேஸ்' ஒன்-ஷாட் (ஒரே இதழில் முடியும் கதை). இது தொற்று விழுந்த முதல் நாட்களின் கதை. காலவரிசைப்படி முதலில் வர வேண்டியது என்று சிலர் இதிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். அது தவறு என்பேன். இதில் ரீட் ரிச்சர்ட்ஸ் தன் குடும்பத்துக்குச் செய்யும் காரியம்தான் முழு வரிசையின் மிகக் கனமான தருணம். மில்லரின் இதழ்களில் புன்னகையோடு பேசும் அந்த மூத்த ரீடை முன்பே சந்தித்திருந்தால் மட்டுமே அந்த அடி முழுதாக விழும். அடுத்தது 'மார்வெல் ஜாம்பீஸ் 2', மீண்டும் கிர்க்மனும் ஃபிலிப்ஸும். முதல் தொடருக்கு நாற்பது ஆண்டுகள் பிந்தைய கதை. பசி என்றால் உண்மையில் என்ன என்ற கேள்வியைக் கையில் எடுக்கிறது. முதல் தொடரின் விதியை மீறாமல் நீட்டியதற்காகவே இதை மதிக்கிறேன். முதல் ஐந்து இதழின் வேகம் இதில் இல்லை என்பதும் உண்மை. 'ஆர்மி ஆஃப் டார்க்னெஸ்' படத்தின் ஆஷ் மார்வெல் உலகத்தில் வந்து மாட்டிக்கொள்ளும் தொடர், தொற்றின் தொடக்கத்தை இன்னொரு கோணத்தில் காட்டும். அது வேறு நிறுவனத்தின் உரிமையும் கலந்தது என்பதால் எல்லாத் தொகுப்பிலும் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

தொகுப்பு வாங்கும்போது அட்டையில் உள்ள பெயரை நம்பாமல் உள்ளடக்கப் பக்கத்தில் இதழ் எண்களைப் பாருங்கள். 'மார்வெல் ஜாம்பீஸ்' என்ற பெயரில் வெறும் ஐந்து இதழ் கொண்ட பழைய பதிப்பும் கிடைக்கிறது, பல தொடர்களைச் சேர்த்துக் கட்டிய 'கம்ப்ளீட் கலெக்ஷன்' பதிப்புகளும் கிடைக்கின்றன. 'அல்டிமேட் ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 21–23 உள்ளே இல்லாத பதிப்பை முதல் புத்தகமாக வாங்கினால், எக்ஸ்-மென் கதைகளின் மேக்னீட்டோவை எல்லோரும் ஏன் துரத்துகிறார்கள் என்பதே முதல் காட்சியில் புரியாது. அவர் எதைத் தடுத்துவிட்டு வருகிறார் என்பது முந்தைய இதழ்களில்தான் இருக்கிறது.

'மார்வெல் ஜாம்பீஸ் 3' தொடரை (2008–09) தனியாகச் சொல்ல வேண்டும். எழுத்து ஃப்ரெட் வான் லென்டே, படம் கெவ் வாக்கர், நான்கு இதழ். ஜாம்பி உலகத்துக்குள் அனுப்பப்படுவது மெஷின் மேன் என்ற ரோபோ. தின்ன முடியாத ஒருவனை, தின்பதைத் தவிர வேறொன்றும் தெரியாத கூட்டத்துக்குள் இறக்குவது எளிய யோசனைதான். ஆனால் விதியை வைத்துக் கதை பின்னத் தெரிந்தவர்களுக்குத்தான் அது தோன்றும். கிர்க்மன் இல்லாமல் வந்தவற்றில் இது முதல் இடம். இரண்டாம் இடம் 2015ல் 'சீக்ரெட் வார்ஸ்' நிகழ்வையொட்டி சைமன் ஸ்பரியர் எழுதிய நான்கு இதழ், படம் மீண்டும் கெவ் வாக்கர். மதிலுக்கு அப்பால் பிணங்களின் நிலத்தில், ஒரு குழந்தையோடு மாட்டிக்கொண்ட எல்சா பிளட்ஸ்டோனின் கதை. மற்ற எதையும் படிக்காமலே படிக்கலாம். நடுவில் வந்த மற்றவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஜாம்பி ஹீரோவைக் காட்டுவதே போதுமான அதிர்ச்சி என்று நம்பியவை அவற்றில் அதிகம், அந்த அதிர்ச்சி 2006லேயே செலவாகிவிட்டது.

இவ்வளவு வெளிப்படையான கோரம் சூப்பர்ஹீரோ காமிக்ஸில் இவ்வளவு தாமதமாக வந்ததற்குக் காரணம் உண்டு. அமெரிக்கப் பதிப்பாளர்கள் 1954ல் தங்களுக்கே போட்டுக்கொண்ட 'காமிக்ஸ் கோட்' என்ற தணிக்கை விதித்தொகுப்பு நடமாடும் பிணங்களையும் நரமாமிசத்தையும் பெயர் சொல்லியே தடை செய்தது. 1971ல் அந்த விதிகள் தளர்ந்தபோது இரத்தக் காட்டேரியும் ஓநாய் மனிதனும் உள்ளே வந்தார்கள், ஜாம்பிக்கு அனுமதி கிடைக்கவில்லை. மார்வெல் 1973ல் சைமன் கார்த்தை நாயகனாக்கி 'டேல்ஸ் ஆஃப் தி ஜாம்பி' கொண்டுவந்தபோது, அந்தத் தணிக்கைக்கு உட்படாத கறுப்பு வெள்ளைப் பத்திரிகை வடிவத்தில்தான் வெளியிட முடிந்தது. காமிக்ஸ் கோடின் ஒப்புதல் முத்திரையை மார்வெல் கைவிட்டது 2001ல். நான்கே ஆண்டுகளில் ஸ்பைடர்மேன் பிணமானான்.

இனி டிசீஸ்ட். 2019 மே முதல் அக்டோபர் வரை ஆறு இதழ், எழுத்து டாம் டெய்லர், முதன்மை ஓவியர் ட்ரெவர் ஹேர்சைன். இங்கே விதி முழுக்க மாறுகிறது. டிசியின் பெரும் வில்லனான டார்க்சைட், எல்லா உயிர்களின் சுயவிருப்பத்தையும் அடக்கக் காலங்காலமாகத் தேடிய 'ஆன்டி-லைஃப்' சமன்பாடு, சாவின் சக்தியோடு கலந்து கெட்டுப்போய், பாதி இயந்திரமான ஹீரோ சைபார்க்கின் உடல் வழியாகப் பூமியின் இணையத்துக்குள் நுழைகிறது. திரையைப் பார்த்தவர்கள் தொற்றுக்கு ஆளாகிறார்கள். அதன்பின் கடி, கீறல், இரத்தம் வழியாகவும் பரவுகிறது. சில மணி நேரத்தில் 60 கோடிப் பேர். தொற்றியவர்கள் தங்கள் முகத்தையே பிறாண்டிக்கொள்கிறார்கள். பேச்சில்லை, நினைவில்லை, பசியைவிட வெறிதான் அதிகம். ஹீரோவுக்குள் எதுவுமே மிஞ்சுவதில்லை.

அப்படியானால் கதை எங்கே இருக்கும்? உயிரோடு இருப்பவர்களிடம். டெய்லர் அதை நன்றாக அறிந்து எழுதியிருக்கிறார். மார்வெல் ஜாம்பீஸில் இழப்பைச் சுமப்பவர் தின்றவர். டிசீஸ்டில் சுமப்பவர் பிழைத்தவர். இரண்டாம் இதழில், பேட்மேனை வளர்த்த ஆல்ஃப்ரெட் எடுக்க வேண்டிய முடிவு, ஒரு வளர்ப்புத் தந்தைக்கு எழுதக்கூடிய மிகக் கடினமான காட்சி. பெரும் வசனம் எதுவும் இல்லாமல் சில பேனல்களில் (படக் கட்டங்களில்) டெய்லர் அதை முடித்துவிடுகிறார். அடுத்தடுத்த இதழ்களிலும் இதே முறைதான். யாராவது ஒருவர் விழும்போது, அந்த இடத்தை நிரப்ப இன்னொருவர் தயாராவதைக் காட்டுவார். கிரீன் லான்டர்ன் ஹால் ஜோர்டனின் சக்தி தரும் பச்சை மோதிரம் பிளாக் கேனரியைத் தேடிப் போவதும், பாய்சன் ஐவி காத்தம் நகரைக் காடாக்கி அடைக்கலம் தருவதும் அப்படிப்பட்டவை. மிக வேகமானவரும் மிக வலிமையானவரும் தொற்றினால் உலகம் எத்தனை நொடி தாங்கும் என்ற கேள்வியைப் பல ஜாம்பி கிராஸோவர்கள் மெல்ல ஒதுக்கிவிடும். இவர் நேராக எடுத்துப் பதில் சொல்கிறார். முழு மதிப்பெண் அதற்கே.

குறை வேகத்தில்தான் இருக்கிறது. ஆறு இதழுக்குள் பூமியின் முடிவை அடக்கியதால், பெரிய பாத்திரங்கள் ஓரிரு பக்கத்தில் மறைகிறார்கள். தொடக்கத்தில் அவ்வளவு பயமுறுத்திய திரை வழித் தொற்று, இரண்டாம் பாதியில் கிட்டத்தட்ட மறக்கப்பட்டு, வழக்கமான கடி வழித் தொற்றாகச் சுருங்குகிறது. இந்தத் தொடரின் சொந்தச் சரக்கே அதுதான். அதை இன்னும் இழுத்துப் பிடித்திருக்கலாம். ஓவியமும் ஒரே தரத்தில் இல்லை. டார்க்சைடின் கோளான அப்போகோலிப்ஸில் நடக்கும் பக்கங்களை வரைந்த ஜேம்ஸ் ஹேரனின் கோணல்மாணலான உக்கிரத்திலிருந்து ஹேர்சைனின் நிதானமான கோட்டுக்கு வரும்போது அந்த மாற்றம் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் பின்னிதழ்களின் கூட்டக் காட்சிகளில் முகங்கள் அவசரத்தில் தேய்ந்திருக்கின்றன.

படிக்கும் வரிசை இங்கே எளிது. முதல் ஆறு இதழோடு 'எ குட் டே டு டை' ஒன்-ஷாட்டைச் சேர்த்துப் படியுங்கள். மிஸ்டர் மிராக்கிள், பிக் பார்டா, ஜான் கான்ஸ்டன்டீன் வரும் இந்த இதழைத் தவிர்த்தால், பின்னால் கான்ஸ்டன்டீன் எங்கிருந்து வந்தார் என்று தேட வேண்டிவரும். அடுத்து 'அன்கில்லபிள்ஸ்' (2020, மூன்று இதழ், படம் கார்ல் மோஸ்டர்ட்). பிறகு ஏழு இதழ் 'டெட் பிளானட்', கடைசியாக எட்டு இதழ் 'வார் ஆஃப் தி அன்டெட் காட்ஸ்' (2022–23). டிஜிட்டலில் முதலில் வந்த 'ஹோப் அட் வேர்ல்ட்ஸ் எண்ட்' முதல் தொடரின் காலத்துக்குள்ளேயே நடக்கும் கிளைக்கதைகள். நேரம் குறைவானவர்கள் அதைக் கடைசிக்கு ஒதுக்கலாம். 'அன்டெட் காட்ஸ்' வரும்போது கதை விண்வெளிக் கடவுள்களின் போராகிவிடுகிறது. அளவு பெருகப் பெருகத் திகில் வற்றுகிறது. முடிவு தெரிய வேண்டும் என்பவர்களுக்கு மட்டும்.

ஒரே ஒரு டிசீஸ்ட் புத்தகம் என்றால் நான் 'அன்கில்லபிள்ஸ்' எடுப்பேன். டெத்ஸ்ட்ரோக் முதலான வில்லன்களும், ரெட் ஹுட், கசான்ட்ரா கெய்ன், கமிஷனர் கார்டன் ஆகியோரும் ஓர் அநாதை இல்லத்தில் வந்து சேர்கிறார்கள். பிழைக்க மட்டுமே தெரிந்த கொலைகாரர்கள், குழந்தைகளுக்குப் பிழைக்கக் கற்றுக்கொடுக்க வேண்டிய நிலை. முதல் தொடரில் இல்லாத மூச்சு விடும் இடம் இதில் இருக்கிறது. அதனால் இழப்பு வரும்போது இரண்டு மடங்கு வலிக்கிறது. முதல் ஆறு இதழைப் படிக்காமலே பெரும்பாலும் புரியும்.

ஜெஃப் ஜான்ஸும் ஐவன் ரெய்ஸும் 2009–10ல் தந்த 'பிளாக்கெஸ்ட் நைட்'டை இந்தப் பட்டியலில் பலர் சேர்ப்பார்கள். அங்கே தொற்று இல்லை. கறுப்பு மோதிரங்கள் கல்லறைகளைத் தேடிப் போய் இறந்தவர்களை எழுப்புகின்றன. எழுந்தவர்கள் செத்தவரின் நினைவுகளை ஆயுதமாக்கி, அன்புக்குரியவர்களைச் சீண்டி, உணர்ச்சி பொங்கும் நேரத்தில் இதயத்தைப் பிடுங்குகிறார்கள். சூப்பர்ஹீரோக்கள் செத்துச் செத்துத் திரும்பி வரும் வழக்கத்தையே திகிலின் மூலப்பொருளாக்கியது அசல் யோசனை. ஆனால் முதன்மைத் தொடரை மட்டும் வாங்கினால் பாதிக் கதைதான் கிடைக்கும். அதே காலத்து 'கிரீன் லான்டர்ன்' இதழ்களை இடையிடையே சேர்த்துப் படிக்க வேண்டும். பழைய டிசி மரணங்கள் தெரியாதவர்களுக்கு யார் ஏன் அழுகிறார்கள் என்பதே பிடிபடாது. புதிய வாசகருக்கு இது மூன்றாவது புத்தகம், முதலாவது அல்ல.

அனிமேஷன் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு ஒன்று. 2021ல் 'வாட் இஃப்' தொடரின் ஜாம்பி அத்தியாயமும், அதன் தொடர்ச்சியாக 2025ல் வந்த நான்கு பகுதித் தொடரும் திரைப்பட மார்வெல் உலகத்தில் நடப்பவை. அங்கே கதையைச் சுமப்பவர்கள் பிழைத்தவர்கள். அதே பெயரில் காமிக்ஸைத் திறந்தால் பிணங்களே நாயகர்கள், அவர்களே கதைசொல்லிகள். அந்த அனிமேஷனின் சுவை வேண்டுமென்றால் டிசீஸ்ட்தான் நெருக்கமான புத்தகம். இரண்டு வரிசையும் பெரியவர்களுக்கானவை. குடல் சரிவதும் குழந்தைகள் சாவதும் பேனலிலேயே வரும். பழக்கமான முகமூடிகளை அட்டையில் பார்த்துச் சிறுவர்களுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.